ஈரக்கையும் ஒரு ‘ஆமாங்க’வும்

போன மாதம் பதுளையிலிருந்து இரண்டு பிள்ளைகள் ஹாலிஎலயில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது வேலை செய்கிறவர்கள். கையில் ஒரு கேக் பெட்டி. அதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஓய்வு பெற்றவளை யாரும் சும்மா தேடி வருவதில்லை.

நினைத்தது சரிதான். தேயிலைத் தோட்டத்துத் தாய்மார்களை முன்பள்ளி டீச்சர்களாகப் பழக்குவதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. இனி அந்தப் பயிற்சியைப் போனிலேயே நடத்தப் போகிறார்களாம். வீடியோ அனுப்புவார்களாம், தாய்மார் பார்த்துப் பழகிக்கொள்வார்களாம். அதற்கு முன்னுரை போல நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம்.

“தாய்மாரோட நம்பிக்கைய எப்படிச் சம்பாதிச்சீங்கன்னு எழுதுங்க மிஸ்” என்றாள் ஒரு பிள்ளை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்பிக்கையா? அவர்கள் என்னை நம்பவில்லை, நான் அவர்களை நம்பவில்லை, என்னுடைய மேலதிகாரி எங்கள் இரண்டு தரப்பையுமே நம்பவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் வேலை அப்படித்தான் நடந்தது, மோசமாகவும் நடக்கவில்லை. வேண்டுமானால் அதை எழுதித் தருகிறேன் என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேக் நன்றாகத்தான் இருந்தது.

நான் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. படித்தேன், கொழும்புக்குப் போய்ப் பயிற்சி எடுத்தேன், திரும்பி வந்தேன். அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டை அடுக்கவும் காகிதம் கிழித்து ஒட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது இருபது பிள்ளைகளுக்கு எப்படிக் கதை சொல்வது என்று யாரும் கற்றுத்தரவில்லை.

முதல் பாடத்தைத் தோட்டத்துப் பெண்கள்தான் நடத்தினார்கள். கொழுந்து நிறுத்து முடித்துவிட்டு வந்தவர்களிடம், “பயிற்சிக்கு விருப்பமானவங்க பேர் குடுங்க” என்று கேட்டேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர் விழும், பாதி நாளுக்கு அரைப்பேர். கடைசியில் ஓர் அக்கா கேட்டார்:

“பேர நாங்க எதுக்கும்மா ஒனக்குக் குடுக்கணும்? நாளைக்கு எங்களுக்குப் பேரு விழலன்னா நீயா வந்து பதில் சொல்லுவ?”

அதோடு, சேலையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து பேர் கேட்பவர்கள் மூன்றே வகை. கடன் கொடுப்பவர்கள், ஓட்டுக் கேட்பவர்கள், வெளிநாட்டுக்கு ஆள் பிடிப்பவர்கள். நான் எந்த வகை என்று அவர்கள் யோசித்ததில் ஒரு தப்பும் இல்லை.

என் மேலதிகாரி திலகவதி மிஸ் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதுளையில் கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டவர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், பொல்லாத கண். அத்தனை வருஷம் மலையில் இருந்தும் பேச்சு மட்டும் மாறவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கேட்டாலே தோட்டத்துச் சனம் கொஞ்சம் விலகித்தான் நிற்கும். அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

ஒரு தோட்டத்துக்குப் போவதென்றால் அவரிடம் சில விதிகள் இருந்தன. வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது. வேனைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போகவேண்டும். வேன் சத்தம் கேட்டால் வகுப்பு தானாகவே நல்ல வகுப்பாகிவிடும். பிளேன்டீ கொடுத்தால் குடிக்கலாம். பிஸ்கட்டும் கொடுத்தால் அதை வாங்கித் தந்தது யார் என்று கேட்கவேண்டும். வகுப்பு நடக்கும்போது எதையும் எழுதக்கூடாது. எழுதினால் பிள்ளைகள் பேனாவைப் பார்க்கும், டீச்சர் நம் முகத்தைப் பார்ப்பாள்.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி, டீச்சரைப் பார்க்கவே கூடாது என்பது.

“டீச்சர் நடிப்பாள் பிள்ளை. அவளுக்கு எட்டாத தூரத்திலை, கதவடியிலை ஒரு பிள்ளை இருக்கும். அதைப் பாரும். அதுக்கு நடிக்கத் தெரியாது” என்பார்.

அவரே கதவோரத்தில், பிள்ளைகள் உட்காரும் பாயிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் விட்டுக்கொள்வார். வகுப்பு முடியும்வரை ஒரு சொல் வராது.

பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, “உம்மை ஆர் அனுப்பினது?” என்பதுதான். வெளியிலிருந்து எந்தத் திட்டம் வந்தாலும் அது முதலில் தொழிற்சங்கத் தலைவர் வீட்டுக்கும் கணக்கப்பிள்ளை வீட்டுக்கும்தான் போகும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அந்தக் கேள்வியில் பலர் சறுக்கி விழுந்தார்கள்.

பூனாகலைக்கு மேலே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே, தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவை ஒட்டிய ஓர் அறையில் முன்பள்ளி நடந்தது. அதற்கு டீச்சராகப் பழக்க ஒரே ஒருத்தியை எடுக்க வேண்டும். கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி அந்தத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரின் இளைய மகள் நிரோஷா. நன்றாகப் படித்தவள், கணீரென்று பேசுவாள். அவளுடைய குழந்தைக்கு ஒரு வயது. மற்றவள் சகாயராணி. கொழுந்து பறிப்பவள், வேதக்காரக் குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. நாலு வயதில் ஒரு மகள்.

“உம்மை ஆர் அனுப்பினது?”

“அப்பாதாங்க அனுப்புனாரு” என்றாள் நிரோஷா. உண்மையைத்தான் சொன்னாள், பாவம்.

சகாயராணி, “யாரும் அனுப்பலீங்க. போகாதன்னுதான் சொன்னாங்க” என்றாள்.

திலகவதி மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மலரவில்லை. இத்தனை அழகான பதிலை வீட்டில் ஒத்திகை பார்க்காமல் ஒருத்தி சொல்வாளா? ஆனால் முடிவு அவருடையது. சகாயராணியை எடுத்தோம்.

வேலை அவளுக்கு எவ்வளவு அவசியம் என்பது பிறகுதான் தெரிந்தது. பயிற்சிக்குப் பதுளைக்கு வந்த ஒரு நாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள்.

“பாஸ்போட்டு பண்டாரவளையில ஏஜென்டுகிட்ட இருக்கு மிஸ். சட்டிபிகேட் கெடச்சு வேலைய நிரந்தரம் பண்ணிட்டாங்கன்னா போய் வாங்கிருவேன். இல்லாட்டி குவைத்துதான்.”

“மகள்?”

“அதான் மிஸ்” என்றாள். பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள்.

பயிற்சி முடியும் தறுவாயில்தான் அந்த வீடியோ வந்தது. என் போனுக்கு வருவதற்குள் அது கட்டாருக்கும் துபாய்க்கும் போய்த் திரும்பியிருந்தது. முன்பள்ளிச் சுவருக்கு வெளியே நின்று யாரோ எடுத்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு, ஒரே குரலில் “ஆமேங்! ஆமேங்!” என்று கத்துகிறார்கள். முன்னால் சகாயராணியும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். ‘டீச்சரு நம்ம புள்ளைங்கள மதம் மாத்துறா, பாத்துக்குங்க’ என்று கீழே எழுதியிருந்தது.

கையைத் தூக்கியது எங்களால் வந்த வினை. முன்பள்ளிகளில் ஒரே துண்டில் இருபது பிள்ளைகள் கை துடைத்தால் சொறியும் கண்நோயும் லயம் முழுக்கப் பரவும். அதனால் துண்டே வேண்டாம், கை கழுவியதும் மேலே தூக்கி ஆட்டிக் காயவைக்க வேண்டும், அதன் பிறகுதான் சாப்பாட்டுப் பெட்டியைத் தொடலாம் என்பது திலகவதி மிஸ் போட்ட விதி. ஆனால் அந்த ‘ஆமென்’ எங்கிருந்து வந்தது? அது எங்கள் பாடத்தில் இல்லை.

நான் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். பாய் நிறைய உட்காரும் பிள்ளைகளில் விரல்விட்டு எண்ணும் அளவே மிச்சம். அதிலும் பெரும்பாலும் வேதக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அலுமாரியைத் திறந்து பார்த்தேன். படங்களைப் புரட்டினேன். பாட்டுகளைப் பாடச் சொல்லிக் கேட்டேன். சகாயராணி ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், கையத் தூக்கி ஜெபம் பண்றது வேற சபைக்காரங்க. எங்க கோயில்ல முழங்கால்தான் போடுவோம்” என்றாள்.

“அத ஊருக்குச் சொல்லு.”

“ஊரு எங்க மிஸ் கேக்குது?”

ஒரு பிள்ளைக்கு அன்று காய்ச்சல். சகாயராணி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கையை எடுக்கும்போது கட்டைவிரல் சட்டென்று ஒரு சின்னச் சிலுவை போட்டது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

“காய்ச்சல்னா கை தானாப் போகுது மிஸ்” என்றாள்.

பதுளைக்குத் திரும்பியதும் திலகவதி மிஸ்ஸிடம் அதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

“அவள் திருநீறு பூசியிருந்தால் நீர் வந்து எனக்குச் சொல்லியிருப்பீரோ?”

“சொல்லியிருக்க மாட்டேன் மிஸ்.”

“ம்” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் நான் இன்னொன்றையும் கவனித்திருந்தேன். தலைவரின் மூத்த மகள் குவைத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய பிள்ளை கவிஷா தலைவர் வீட்டில்தான் வளர்கிறது. ஊரே பிள்ளைகளை நிறுத்திய பிறகும் கவிஷா வந்துகொண்டிருந்தாள். மதம் மாற்றுகிறார்கள் என்று நம்பும் தாத்தா முதலில் நிறுத்த வேண்டியது தன் பேத்தியை அல்லவா? அந்த வீட்டில் யாரோ ஒருவருக்கு இது புரளி என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் திலகவதி மிஸ்ஸும் வந்தார். வழக்கம்போலக் கதவோரப் பாயில் உட்கார்ந்தார். பக்கத்தில் கவிஷா. பிள்ளைகள் கை கழுவிவிட்டு வந்து கையைத் தூக்கினார்கள். சகாயராணி, “கை காஞ்சிருச்சா?” என்று கேட்டாள்.

“ஆமேங்!”

திலகவதி மிஸ் என் பக்கம் திரும்பி, “இவை என்ன சொல்லுகினம்? எனக்கும் அப்படித்தான் கேக்குது” என்றார்.

எனக்கு அப்போதுதான் மூளையில் உறைத்தது. “ஆமாங்கன்னு சொல்றாங்க மிஸ்.”

லயத்தில் பெரியவர்களுக்குப் பதில் சொல்லும்போது ஆமாங்க என்று சொல்லித்தான் பிள்ளைகளைப் பழக்குவார்கள். சகாயராணியும் அதைத்தான் பழக்கியிருந்தாள். மூன்று வயது நாக்கு அதை ‘ஆமேங்’ ஆக்கிவிட்டது, அவ்வளவுதான். வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தோம். அதில் பிள்ளைகளின் பதில் மட்டும்தான் இருந்தது. டீச்சர் கேட்ட கேள்வியை யாரோ கவனமாக வெட்டியிருந்தார்கள்.

பௌர்ணமிப் போயா லீவு நாளில் பெற்றோரைக் கூட்டினோம். அறைக்குள் இடம் போதாமல் பாதிப்பேர் வாசலில் நின்றார்கள். தலைவர் முன்வரிசையில், வெள்ளைச் சட்டை. பக்கத்தில் நிரோஷா, இடுப்பில் குழந்தையோடு. பிள்ளைகளைக் கை கழுவ வைத்துக் கூட்டிவந்தோம். திலகவதி மிஸ்ஸே கேள்வி கேட்டார்.

“கை காய்ஞ்சிட்டுதோ?”

“ஆமேங்!”

“பசிக்குதோ?”

“ஆமேங்!”

“என்ரை மூக்குப் பெரிசோ?”

“ஆமேங்!”

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இதோடு முடிந்தது என்று நானும் மூச்சு விட்டேன். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

“சரிங்க மிஸ், ஆமாங்கன்னே வச்சுக்குவோம். ஆனா கேக்குற காதுக்கு அப்பிடிக் கேக்கலியே. நெருப்பில்லாம பொகையுமா?”

பின்னாலிருந்து நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

“அப்ப சொல்லை மாத்துவம். இதிலை என்ன கிடக்கு? எங்கடை ஊரிலை ‘ஓம்’ எண்டுதான் சொல்லுவம். இவையும் ஓம் எண்டே சொல்லட்டும்” என்றார் திலகவதி மிஸ்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அது வெறும் சம்மதச் சொல். ஆனால் சுவரோரம் நின்ற ஒரு தகப்பன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர், முன்னால் வந்துவிட்டார்.

“என்னாங்க மிஸ் இது? அப்ப எங்க புள்ளைங்க மட்டும் ஓம் ஓம்னு மந்திரம் சொல்லணுமா?”

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். பிள்ளைகள் தூக்கிய கையை இறக்கவும் தெரியாமல் நின்றன. திலகவதி மிஸ் வாயடைத்து நின்றதை என் சர்வீஸில் அன்று ஒரு நாள்தான் பார்த்தேன். ஆறப்போட வந்த இடத்தில் அவரே அடுப்பை மூட்டிவிட்டார். சொல்லப்போனால், எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அவர் கையைத் தட்டினார். சத்தம் அடங்கியது.

“ஆமாங்கவும் வேண்டாம், ஓமும் வேண்டாம். அந்தப் பதில் வாற கேள்வியே இனி இந்த வகுப்பிலை வேண்டாம். காய்ஞ்சிட்டுதோ, பசிக்குதோ எண்டு கேட்டால் பிள்ளை தலையைத்தான் ஆட்டும். பிள்ளை தன்ரை வாயாலை கதைக்கிற மாதிரிக் கேக்க வேணும்.” பிறகு சகாயராணியைப் பார்த்தார். “இப்ப கேளும். எல்லாருக்கும் முன்னாலை. இதுதான் உம்மடை கடைசிச் சோதினை. இதைப் பாத்துத்தான் சட்டிபிகேட் எழுதுவன்.”

அந்தக் கோபத்துக்கு நடுவே, ஏற்கெனவே பாதி முடிவெடுத்துவிட்ட கூட்டத்துக்கு முன்னால், பழக்கமில்லாத முறையில் வகுப்பு எடு என்றால் யாரால் முடியும்? அவள் சறுக்கினால் திலகவதி மிஸ் இரக்கப்பட மாட்டார் என்பதும் தெரியும். இரக்கப்பட்டுச் சட்டிபிகேட் கொடுப்பவர் அல்ல அவர்.

சகாயராணி பிள்ளைகளை உட்காரவைத்துத் தானும் பாயில் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் நல்லா இருக்கீங்களா?”

“ஆமேங்!”

நிரோஷா சத்தமாகச் சிரித்தாள். வாசலிலும் சிரிப்பு. சகாயராணி கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள். கதவோரம் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தாள். அந்த விதி அவளுக்கும் சொல்லிக் கொடுத்ததுதான்.

“கவிஷா, ஒங்க வீட்டுல யாரு யாரு என்னென்ன வேல செய்வாங்க?”

கவிஷா கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“அம்மாச்சி சோறாக்கும். தாத்தா சேவலுக்கு அரிசி போடும். சித்தி போன்ல படம் புடிக்கும். நாங்க கைய ஆட்டுனப்ப சித்தி செவுத்துக்கு அங்கிட்டு நின்னு புடிச்சிச்சு. தாத்தாவும் பாத்திச்சு.”

நிரோஷாவின் சிரிப்பு நின்றுபோனது. தலைவரின் பார்வை பேத்தியின் மேல் இருந்தது. அந்தப் பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தது, மடக்கிய விரல்களை மெதுவாக விரித்துக்கொண்டது.

இன்னும் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். ‘எதுக்குப் புடிச்சாங்க?’ அதைக் கேட்டால் போதும். நான் வாய்க்குள்ளேயே கேட்டுவிட்டேன். கேள், கேள் என்று மனசு அடித்துக்கொண்டது. திலகவதி மிஸ்கூடச் சேலைத் தலைப்பிலிருந்து கையை வெளியே எடுத்துவிட்டார். சகாயராணிக்கும் தெரியாமல் இல்லை. அவள் தலைவரைப் பார்த்தாள், நிரோஷாவைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

“அந்தச் சேவலு என்னா நெறம்?”

கவிஷாவின் முகம் மாறியது. “செவப்பு! வாலு மட்டும் கறுப்பு! அது தாத்தாவக் கொத்தும்!”

“எங்க வீட்டுல கோழி முட்ட போட்டிச்சு” என்றது ஒன்று. “எங்க பூனை மூணு குட்டி” என்றது இன்னொன்று. அந்தப் பூனை எங்கே குட்டி போட்டது, குட்டிக்கு யார் பால் வைத்தது என்று சகாயராணி கேட்டுக்கொண்டே போனாள். பிள்ளைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கதைகதையாகச் சொல்லின. ஒரு ‘ஆமேங்’ வரவில்லை. திலகவதி மிஸ் என் பக்கம் திரும்பாமலேயே, “எழுதும்” என்றார்.

தலைவர் எழுந்தார். “நாளையிலருந்து எல்லாரும் புள்ளைங்கள அனுப்புங்க” என்றார். வந்த பிளேன்டீயைத் தொடாமல் வெளியே போனார். ஏன் அத்தனை அவசரம் என்று அங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை. மறுவாரம் சகாயராணி பண்டாரவளைக்குப் போய்ப் பாஸ்போட்டை வாங்கிவந்தாள். இன்றைக்கும் அங்கே அவள்தான் டீச்சர்.

அன்று எல்லாரும் கலைந்த பிறகு, தண்ணீர்க் குழாயடியில் அவளைத் தனியாகப் பிடித்தேன். மனசு ஆறவில்லை. இவ்வளவு நல்லவளாக ஒருத்தி இருப்பாளா என்ற பழைய சந்தேகம் வேறு. தலைவரோடு ஏதாவது பேரம் முடித்துவிட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

“எதுக்குப் புடிச்சாங்கன்னு கேட்டிருந்தா ஒரே கேள்வியில அவங்க மானம் போயிருக்கும். ஏன் கேக்கல?”

அவள் பிள்ளைகளின் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“போயிருக்கும் மிஸ். ஆனா கவிஷாவோட அம்மா குவைத்துலல்ல இருக்கா? இன்னிக்கு ராவு அது அந்த வீட்டுலதானே படுக்கணும்.”